லட்சுமம்மா மேல் நட்ட எல்லைக்கல்

அனுப்புநர்:
மு. கோவர்த்தனன், விவசாயி,
(த/பெ. முனிகிருஷ்ணன்)
பஞ்சாயத்துத் தலைவர்,
புன்னைக்கண்டிகை கிராமம், நகரி வழி,
சித்தூர் ஜில்லா, ஆந்திரப் பிரதேசம்.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கலெக்டர் மற்றும் ஜில்லா மாஜிஸ்திரேட் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: ஆந்திரப் பிரதேசம் – சென்னை மாநிலங்களின் எல்லை மாற்றச் சட்டம் – எங்கள் ஊருக்கும் நேரேடுபல்லிக்கும் இடையே நடப்பட்ட கல்லை இடம் மாற்றியதற்காகக் காவலில் இருக்கும் என் மைத்துனன் சிட்டிபாபுவை என் மகள் திருமணத்துக்கு முன் விடுவிக்கக் கோருதல் – அக்கல்லைச் சற்றுத் தள்ளி நடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் பஞ்சாயத்தின் சென்ற மார்ச் மாதத் தீர்மானம் (நகல் இணைப்பில்).

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மனுவை நான் தமிழில் எழுதத் துணிந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எங்கள் இரண்டு ஊர்களிலும் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் எந்தப் பாஷையில் வாய் திறக்கிறாரோ அந்தப் பாஷையிலேயே நாங்கள் பதில் சொல்வோம். தண்ணீர் கொடுப்பதைப் போல அதுவும் ஒரு மரியாதை. தாங்கள் சென்ற ஜமாபந்திக்கு வந்திருந்தபோது, வேர்க்கடலை எப்படி என்று என்னைத் தமிழில் கேட்டீர்கள். ஆகவே தங்களுக்கு நான் வேறு பாஷையில் எழுதினால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள்.

2. புன்னைக்கண்டிகை தமிழ் பேசும் ஊர். எங்களுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் நேரேடுபல்லி தெலுங்கு பேசும் ஊர். இரண்டு ஊராரும் ஒரே குலத்தவர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நெடுநாளாக நடக்கிறது. என் மனைவி வெங்கடம்மா நேரேடுபல்லிப் பெண். வீட்டில் நான் அவளிடம் தெலுங்கில் பேசுவேன், அவள் என்னிடம் தமிழில் பேசுவாள். கல்யாணமான புதிதில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத் தொடங்கியது, இன்றைக்கும் மாறவில்லை. சண்டை வரும்போது மட்டும் இருவரும் அவரவர் பாஷைக்குப் போய்விடுவோம். அதைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தார் சண்டை என்று தெரிந்துகொள்கிறார்கள்.

3. இந்த மரியாதைதான் எங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுக்க எங்கள் ஊருக்கு வந்த வாத்தியார் தெலுங்குக்காரர். அவர் தெலுங்கில் கேட்டார், நாங்கள் வீட்டுக்கு வீடு தெலுங்கில் பதில் சொன்னோம். வீட்டில் என்ன பாஷை என்று அவர் கேட்டபோது, எதிரில் நிற்பவரிடம் அவர் பாஷையிலேயே பேசிக்கொண்டு வேறொன்றைச் சொல்வது முகத்தில் அடித்தாற்போல் இருக்குமே என்று பலரும் தெலுங்கு என்றே சொல்லிவிட்டார்கள். நானும் சொன்னேன். என் மனைவியோடு நான் பேசுவது தெலுங்குதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நேரேடுபல்லிக்குப் போன கணக்கர் தமிழர். அங்கே நடந்ததைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

4. சென்ற ஏப்ரல் முதல் தேதி எல்லை மாற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. தமிழ் பேசும் நாங்கள் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டோம், தெலுங்கு பேசும் அவர்கள் சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். கிராமம் கிராமமாக எல்லை வகுத்த பெரியவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் கணக்கைப் பார்த்தார்கள். கணக்கில் எங்கள் மரியாதை ஏறியிருந்தது, பாஷை ஏறவில்லை.

5. சட்டம் அமலுக்கு வருமுன், மார்ச் மாதத்தில், இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்த எங்கள் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். வாசகம் முழுவதும் என்னுடையது. மத்திய சர்க்காரின் இச்சட்டம் எங்களைக் கேட்காமல் செய்யப்பட்டது, உண்மைக்கு மாறான கணக்கின் மேல் நிற்பது, ஆகவே அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது. இரண்டு மாநில சர்க்கார்களும் இதை ஏற்க மறுக்க வேண்டும். அதுவரை இச்சட்டம் இவ்விரு ஊர்களையும் கட்டுப்படுத்தாது என்று எழுதினேன். கடைசி வரியைப் படித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று.

இங்கே தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று என் மைத்துனன் சிட்டிபாபு கூட்டத்தில் இல்லை. என் மகள் இந்திராணிக்கு வரன் அமைந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, வேண்டிக்கொண்டபடி முடி கொடுக்கத் திருப்பதிக்கு நடந்து போயிருந்தான். மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவனிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றான். மாடு தண்ணீர் குடித்ததா என்று அடுத்த வார்த்தை கேட்டான்.

6. தீர்மானத்துக்குப் பதில் வராததால் நான் சித்தூருக்கு வந்து வக்கீல் எத்திராஜ் அவர்களைக் கலந்துகொண்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். எல்லையை மாற்றும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் ஷரத்துப்படி பார்லிமெண்டுக்கு உரியது. மசோதாவை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். சட்டசபை சொல்லும் அபிப்பிராயம் பார்லிமெண்டைக் கட்டுப்படுத்தாது. ஒரு மத்திய சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒரு மாநிலம் கருதினால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட் ரத்து செய்யும்வரை கீழ்ப்படிந்துதான் ஆக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, இந்தச் சட்டம் எங்கள் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று சொல்ல முடியாதா என்று நான் கேட்டேன். அப்படி ஒவ்வொரு மாநிலமும் தனக்கு ஒவ்வாத சட்டத்தைத் தானே செல்லாதென்று சொல்லிக்கொண்டால், நாளைக்கு ஊர் மாநிலத்தின் சட்டத்தைச் செல்லாதென்னும், வீடு ஊரின் தீர்மானத்தைச் செல்லாதென்னும், அப்புறம் எளியவனுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது என்றார் அவர். என் வீட்டில் அது ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் சொன்னதை என் புத்தி ஒப்புக்கொண்டது. மனம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாநிலத்தை அபிப்பிராயம் கேட்பார்கள், அதன்படி நடக்க மாட்டார்கள் என்றால், அந்த மாநிலம் தன் ஊர்களை எதற்குக் கேட்கப் போகிறது? கேட்கவில்லை. ஆகவே அந்தத் தீர்மானத்தை நான் இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை என்பதைத் தங்களிடம் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கருத்தைக் காகிதத்தில் எழுதியதோடு சரி. நிலவரியைத் தங்கள் சர்க்காருக்குத்தான் கட்டுகிறேன்.

7. இனி அந்தக் கல்லைப் பற்றி.

என் மாமியார் லட்சுமம்மா. வெங்கடம்மாவுக்கும் சிட்டிபாபுவுக்கும் தாயார். வெங்கடம்மாவுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து, ஊரே சிரிக்கும் வயதில் சிட்டிபாபுவைப் பெற்றார். பால் போதாமல் போனதால் அவனைப் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்த்தோம். சிட்டிபாபுவின் நிலமும் என் நிலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வரப்பு இருந்தது. ஒரே ஏர் இரண்டையும் உழுவதற்கு அது இடைஞ்சலாக இருந்ததால் எப்போதோ கரைத்துவிட்டோம். இரண்டு ஊருக்கும் நடுவிலான எல்லை அந்த வரப்பின் மேல்தான் போகிறது என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தாலும் கரைத்திருப்போம்.

லட்சுமம்மா இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். தன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், மகன் ஏர் ஓட்டும் சத்தமும் மகள் வீட்டுப் பேச்சுச் சத்தமும் கேட்கிற இடத்தில், அந்த வரப்பு இருந்த மேட்டில் வைத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்படியே அடக்கம் செய்தோம். எங்கள் வழக்கப்படி தெற்கே தலை, வடக்கே கால். கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. அந்த இடத்தை மட்டும் உழாமல் விட்டிருக்கிறோம். அமாவாசை தோறும் வெங்கடம்மா அங்கே விளக்கு வைப்பாள்.

8. சென்ற மாதம் எல்லையை அளக்க வந்த குழுவினர் கோடு பிடித்துக்கொண்டு வந்து, புல் முளைத்துக் கிடந்த அந்த இடத்தின் நடுவில் கல்லை நட்டார்கள். அவர்கள் மேலும் தவறில்லை. அது சமாதி என்பதற்கு அங்கே அடையாளம் இல்லை. சிட்டிபாபு ஓடிப்போய்ச் சொன்னான். ஓர் ஆள் நீளம் தள்ளி நடும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். குழுவின் தலைவர் வருத்தப்பட்டார். ஆனால் இது பார்லிமெண்ட் போட்ட கோடு, தாசில்தாரோ கலெக்டரோ முதல் மந்திரியோ வந்து சொன்னாலும் தன்னால் ஒரு சாண்கூட நகர்த்த முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாநிலமும் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்தக் கல்லை, மறுநாள் காலையில் என் மைத்துனன் கடப்பாரையால் நெம்பி எடுத்தான். எடுத்து, தாயாரின் தலைமாட்டுக்கு அப்பால், தெற்கே, நேராக, ஆழமாக நட்டான். ஓரத்தில் மண்ணைப் போட்டு மிதித்துத் தண்ணீரும் ஊற்றினான்.

9. ஐயா, அவன் கல்லை வடக்கே நகர்த்தவில்லை என்பதைத் தயவுசெய்து மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வடக்கே நகர்த்தியிருந்தால் என் நிலம் குறைந்து அவன் நிலம் கூடியிருக்கும். அவன் தெற்கே நகர்த்தினான். தன் நிலத்தில் ஓர் ஆள் நீளத்தை எனக்கும், தன் மாநிலத்தில் ஓர் ஆள் நீளத்தைத் தங்கள் மாநிலத்துக்கும் கொடுத்தான். அம்மா முழுதாக அக்காவின் பக்கம் இருக்கட்டும், விளக்கு வைக்க வருகிறவளை எல்லை தாண்டினாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அவன் எண்ணம். சட்டத்தை எதிர்க்கிறவன் தன் நிலத்தை விட்டுக்கொடுத்து எதிர்ப்பானா?

10. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அவன் களி தின்றுகொண்டிருந்தபோது போலீசார் வந்து அழைத்துப் போனார்கள். கையைக் கழுவிக்கொள்ள விட்டார்கள், அதற்கு நன்றி. எங்கள் பஞ்சாயத்துத் தீர்மானத்தை நிறைவேற்றவே அவன் கல்லைப் பிடுங்கினான் என்று குற்றப் பத்திரிகையில் எழுதப்பட்டிருக்கிறது. நான் எழுதிய வாசகமும், நான் தலை கனத்த கடைசி வரியும் அதில் அப்படியே இருக்கின்றன. மத்திய சட்டத்தை எதிர்த்ததற்காக வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவதாக அதிகாரிகள் சொல்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

அவனைச் சப்ஜெயிலில் பார்த்து, கல்யாணம் நெருங்குகிறது, போட்டுத் தொலையடா என்று தெலுங்கில் கெஞ்சினேன். அவன் எனக்குத் தமிழில் பதில் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கல்ல நவுத்தினேன்னு எழுதிக்கினு வரச் சொல்லு மாமா, இப்பவே போடறேன். எதிர்த்தேன்னு எழுதிக்கினு வந்தா எப்டிப் போடறது? நான் யாரையும் எதிர்க்கலியே. எங்கம்மா மேல கல்லு இருந்துச்சி, எட்த்தேன்."

நான் திரும்பி வந்து வெங்கடம்மாவிடம் இதைச் சொன்னேன். மூன்றாம் நாள் அவள், கல்லைப் பழைய இடத்திலேயே திரும்ப நட்டுக்கொள்ளட்டும் என்று தங்களுக்கு எழுதச் சொன்னாள். உன் அம்மாவாயிற்றே என்றேன்.

"அம்மாவுக்குக் கல்லு பாரந்தான். புள்ள உள்ள குந்திக்கினு கீறது அத்தவிட பாரம்" என்றாள்.

11. நேற்று சுதந்திர தினம். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் நேரேடுபல்லிப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் கொடி ஏற்றினார்கள். எங்கள் களத்துமேட்டில் நின்றால் இரண்டும் தெரியும். தலைவர் என்ற முறையில் கயிற்றை இழுத்தவன் நான். அந்தக் கொடியின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதைப் பிடிக்காதவன் எழுதிய தீர்மானம் அல்ல அது. நம்மை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சொந்தக்காரரிடம் கோபித்துக்கொள்வது போன்றதுதான். மத்திய சட்டத்தை மறுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றால், சரி, இல்லை. ஆனால் அதே சட்டத்தை நடத்திவைக்கும் அதிகாரியிடம் கொஞ்சம் இளக்கம் இருக்கக் கூடாது என்று எந்த ஷரத்திலும் எழுதவில்லை என்று வக்கீல் எத்திராஜும் சொல்கிறார்.

12. என் மகள் இந்திராணியின் திருமணம் வரும் செப்டம்பர் முதல் தேதி, வியாழக்கிழமை, நாராயணவனம் கல்யாண வெங்கடேஸ்வரர் சந்நிதியில் நடக்க இருக்கிறது. மாப்பிள்ளை வரதய்யபாளையத்தார். முகூர்த்தத்துக்குப் பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்துத் தாய்மாமன் தூக்கிக்கொண்டு வருவது என் மனைவி வீட்டு வழக்கம். இந்திராணி கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து சிட்டிபாபுவின் தோளில்தான் திருவிழா பார்த்தாள். மாமன் வராவிட்டால் முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான், ஆனால் ஒருமுறை தள்ளிவைத்தால் எதற்கு என்று ஊர் கேட்கும். ஜெயில் என்ற சொல் அந்தப் பெண்ணின் கல்யாணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நான் தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) கல்லை இடம் மாற்றினேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட சிட்டிபாபு சம்மதிக்கிறான். அது உண்மை. அதைப் பெற்றுக்கொண்டு அவனை விடுவிக்க உத்தரவிட வேண்டும்.

(ஆ) கல்லைப் பார்லிமெண்ட் போட்ட கோட்டின் மேலேயே திரும்ப நட்டுக்கொள்ளலாம், நாங்களே கூட வந்து குழி எடுத்துத் தருகிறோம். ஆனால் அதே கோட்டில் நான்கு அடி கிழக்கே தள்ளி நடும்படி வேண்டுகிறேன். எல்லை மாறாது. கோடு அந்த அம்மாள் மேலேயே போகட்டும், ஆட்சேபணை இல்லை. கோட்டுக்குக் கனம் கிடையாது.

(இ) இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று தாங்கள் கருதினால், என் மனைவியின் விருப்பப்படி முதலாவதை மட்டும் செய்து, இரண்டாவதை விட்டுவிடலாம்.

(ஈ) இவை எதுவும் சாத்தியமில்லை, தீர்மானத்துக்காக ஒருவன் உள்ளே இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அது நானாக இருக்க வேண்டும். அதை எழுதியவன் நான். வாபஸ் வாங்காதவனும் நான். கல் தெற்கே போனதால் ஓர் ஆள் நீளம் நிலம் லாபம் அடைந்தவனும் நான்தான். அவனை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளும்படி மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணம் என்ன ஆகும் என்று தாங்கள் யோசிக்க வேண்டாம். என் அண்ணன் திருவேங்கடமும் அண்ணியும் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பார்கள், பேசி வைத்துவிட்டேன். தகப்பன் இடத்தில் நிற்க ஆள் இருக்கிறது. கூடையைத் தூக்கத்தான் வேறு ஆள் இல்லை.

இம்மனுவைத் தபாலில் போடாமல் நானே கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் ஆபீஸ் வராந்தாவில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மாற்று வேட்டியும் துண்டும் கையோடு எடுத்துவந்துவிட்டேன். உத்தரவு எதுவானாலும் நான் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்காது.

தங்கள் நீதியையும் இரக்கத்தையும் எதிர்நோக்கி,

இடம்: சித்தூர்
தேதி: 16-8-1960

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) மு. கோவர்த்தனன்

இம்மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. (ஈ) பிரிவு மட்டும் எனக்குச் சம்மதமில்லை. தம்பியும் வர வேண்டும், இவரும் வர வேண்டும்.

கோ. வெங்கடம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை